ஓவர்ஆல், மூன்று விளக்கு, கட்டுச்சோறு: ஜோகன்னஸ்பர்க்கில் குகைக்குள் இறங்க ஆசைப்படும் புதியவருக்கு

ஜோகன்னஸ்பர்க்குக்கு வடக்கே உள்ள செஞ்சூரியனில் வீடு தேடிய நம்மவர்கள் எல்லோர் காதிலும் ‘டாலமைட்’ என்ற சொல் விழுந்திருக்கும். வீட்டுத் தரகர் அதை முணுமுணுப்பார், காப்பீட்டுக்காரர் உரக்கச் சொல்வார். சாலையில் திடீரென்று பள்ளம் விழுந்து நம்மைச் சுற்றிப் போக வைக்கிறதே, அதற்குக் காரணம் இந்தப் பாறைதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளில் இறங்கி, அரித்து அரித்துப் பொந்தாக்குகிறது. மேலே வீடு கட்டியவருக்கு அது தலைவலி. அதே பாறை வடமேற்கே குருகர்ஸ்டார்ப் தாண்டிப் புல்மேடாகக் கிடக்கிற இடத்தில் எங்களுக்கு அது குகை.

நான் திருச்சிக்காரன். வேலைக்காக மிட்ராண்டுக்கு வந்து, மாதம் ஒரு சனிக்கிழமை குகைக்குள் தவழப் பழகிவிட்டேன். மெல்ரோஸ் முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது என் முழங்கைச் சிராய்ப்பைப் பார்த்துக் கேட்பார்கள், விஷயம் தெரிந்ததும் “எங்களையும் கூட்டிட்டுப் போங்க” என்பார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் குகை கிடைப்பது பெரிய காரியமில்லை, கூட்டிப் போக ஆள் கிடைப்பதுதான் பெரிய காரியம்.

முதலில் உங்கள் உடம்பைக் கேளுங்கள்

நகரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் ‘மனிதகுலத் தொட்டில்’ என்ற பகுதி இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த இடம். அங்கே ஸ்டெர்க்ஃபோன்டைன் குகைக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வழிகாட்டியோடு போகலாம். சற்றுத் தள்ளி வொண்டர் கேவ் இருக்கிறது. குடும்பத்தோடு ஒருமுறை இவற்றைப் பார்த்து வாருங்கள். ஸ்டெர்க்ஃபோன்டைனில் சுண்ணாம்புக்காக வெடி வைத்த கதையைக் கேட்பீர்கள். 1890களில் தொடங்கி, குகைக் கூரையிலிருந்து தொங்கி வளர்ந்திருந்த கல்விழுதுகளை உடைத்துச் சூளையில் போட்டார்கள். அந்தச் சுரண்டலில்தான் புதைபடிவ எலும்புகளும் வெளியே வந்தன. 1947இல் ராபர்ட் புரூமும் ஜான் ராபின்சனும் கண்டெடுத்த ‘மிசஸ் பிளெஸ்’ என்ற ஆதி மனித உறவினத்தின் மண்டையோடு இங்கே கிடைத்ததுதான்.

ஆனால் படிக்கட்டும் கைப்பிடியும் உள்ள குகையை வைத்து உங்களுக்கு ஒத்துவருமா என்று முடிவு செய்ய முடியாது. அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. சாப்பாட்டு மேசை நாற்காலிகள் நான்கை வரிசையாக வைத்து, கால்களுக்கு நடுவே குப்புறப் படுத்து ஊர்ந்து போங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பத்து நிமிடம் அசையாமல் படுத்திருங்கள். மூச்சு வாங்குகிறதா, எழுந்து ஓடத் தோன்றுகிறதா என்று பாருங்கள். தோன்றினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. குகையில் போகிற நாங்களும் நெடுங்காலம் போனவர்களும் இதை உணர்ந்தவர்கள்தான். ஆனால் அதைக் கூட்டிப் போகிறவரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஆஸ்துமா, வலிப்பு, முதுகுவலி, பருமன் எல்லாவற்றையும் அப்படியே சொல்லுங்கள். ஒற்றை வரிசையாகத்தான் போக முடியும் என்கிற சந்தில் ஒருவர் சிக்கினால் அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் சிக்கியவர்கள்தான். தெற்கே கேங்கோ குகையில் 2007 புத்தாண்டன்று அப்படித்தான் ஆனது. சுற்றுலாப் பயணி ஒருவர் சந்தில் மாட்டிக்கொள்ள, பின்னால் வந்தவர்கள் மணிக்கணக்கில் உள்ளேயே கிடந்தார்கள்.

கூட்டத்தைப் பிடிப்பது

இங்குள்ள குகையாளர் மன்றங்கள் எல்லாம் தன்னார்வலர்கள் நடத்துபவை. யாருக்கும் சம்பளம் கிடையாது. வார நாளில் கணக்கரும் பொறியாளரும் ஆசிரியருமாக இருப்பவர்கள் சனிக்கிழமை சேற்றில் புரள்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு கதை போதும். 2013 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை. ரிக் ஹன்டர், ஸ்டீவன் டக்கர் என்ற இரண்டு பொழுதுபோக்குக் குகையாளர்கள் ரைசிங் ஸ்டார் குகைக்குள் போனார்கள். இரண்டு பேரும் ஒல்லி. பலரும் பார்த்த குகைதான் அது. ஆனால் ஒரு பாறை முகட்டின் உச்சியில் கீழே இறங்கும் ஒரு வெடிப்பு இருந்தது. ஏறத்தாழ 12 மீட்டர் ஆழம், சில இடங்களில் 18 சென்டிமீட்டர் அகலம். அதற்குள் நுழைந்து இறங்கினார்கள். அடியில் இருந்த அறையின் தரையில் எலும்புகள் பரவிக் கிடந்தன. பின்னால் லீ பெர்கர் தலைமையிலான ஆய்வாளர்கள் அவற்றை அதுவரை தெரியாத ஒரு ஆதிமனித இனம் என்று சொல்லி, ‘ஹோமோ நலேடி’ என்று பெயரிட்டு 2015இல் அறிவித்தார்கள். எலும்புகளை எடுத்து வர அந்த வெடிப்பில் இறங்கத் தகுந்த உடல்வாகுள்ள அறிவியலாளர்கள் தேவைப்பட்டார்கள். முதல் சுற்றில் தேர்வானவர்கள் ஆறு பேரும் பெண்கள். நம் வீட்டுப் பெண்கள் “இதெல்லாம் ஆம்பளைங்க வேலை” என்று ஒதுங்கும்போது இந்தக் கதையைச் சொல்வேன்.

மன்றத்துக்கு எழுதும் முதல் மடலில் நான் செய்த தவறைச் செய்யாதீர்கள். “உங்கள் குகைகள் எங்கே இருக்கின்றன? இடத்தை அனுப்புங்கள், நண்பர்களோடு போய்ப் பார்க்கிறேன்” என்று எழுதினேன். மூன்று வாரம் பதிலே இல்லை. ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. பெரும்பாலான குகைகள் பண்ணைக்காரர்களின் சொந்த நிலத்தில் இருக்கின்றன. ஒரு மன்றம் பல ஆண்டு பழகி, வேலி திறந்து மூடி, தேநீர் குடித்துச் சம்பாதித்த அனுமதி அது. இடம் ஊருக்குத் தெரிந்தால் பீர் புட்டியும் பெயிண்ட் டப்பாவுமாக வந்து சேர்வார்கள், பண்ணைக்காரர் பூட்டுப் போட்டுவிடுவார். அதனால் குகையின் இடத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. நீங்களும் சொல்லக் கூடாது, கைப்பேசிப் படத்தில் இடக்குறி பதிவதை நிறுத்திவிட்டே உள்ளே போக வேண்டும்.

சரி, என்னதான் எழுதுவது? வயது, உடல்நிலை, இதற்கு முன் மலையேற்றம் ஏதாவது உண்டா, எந்தெந்த வாரக் கடைசியில் வர முடியும், சொந்த வண்டி உண்டா. அதோடு ‘சுத்தம் செய்யும் வேலை, சாமான் தூக்கும் வேலை எதுவானாலும் வருகிறேன்’ என்று ஒரு வரி. எனக்கு இரண்டாவது மடலுக்கு மறுநாளே பதில் வந்தது, அந்தக் கடைசி வரியால்தான்.

மன்றத்தில் வயதில் மூத்தவர்களை ‘ஊம்’ என்று கூப்பிடுவார்கள். ஆஃப்ரிகான்ஸில் மாமா, பெரியப்பா எல்லாமே அதுதான். நமக்கு இது எளிது, பெயர் சொல்லி அழைக்கச் சங்கடப்படுகிற ஆட்கள்தானே நாம்.

ஒரு எச்சரிக்கை. கைவிடப்பட்ட தங்கச் சுரங்கங்களைக் குகை என்று எண்ணி நுழைந்துவிடாதீர்கள். அங்கே கூரை தானாக நிற்பதில்லை, காற்று கெட்டிருக்கும், திருட்டுத்தனமாகத் தங்கம் தோண்டும் கும்பல்களும் உண்டு. எந்தக் குகை மன்றமும் உங்களை அங்கே கூட்டிப் போகாது.

உடுப்பும் விளக்கும்

தொழிலாளர்கள் போடுகிற நீல உடுப்பு பணியுடைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ‘கான்டி சூட்’ என்று கேட்டால் சட்டை தனி, கால்சட்டை தனியாகத் தருவார்கள். ஊரும்போது சட்டை மேலேறி வயிறு தேயும். உடம்பு முழுக்க ஒரே துண்டாக வரும் ஓவர்ஆல்தான் வேண்டும். பைகள் குறைவாக இருந்தால் நல்லது. என் முதல் நாளில் கார் சாவியைத் தொடைப் பையில் வைத்திருந்தேன். இடுப்பளவுச் சந்தில் அந்தச் சாவிதான் பாறையில் மாட்டியது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பின்னால் வந்த பெண் பொறுமையாகக் கையை நீட்டி, துணியை இழுத்துவிட்டார். இப்போது சாவியை வண்டிக்கருகே ஒளித்து வைத்து, இடத்தை இரண்டு பேருக்குச் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறோம். ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவருக்கே காலொடிந்தால் என்ன செய்வது?

வெள்ளையோ வெளிர் நிறமோ வேண்டாம். டாலமைட் கரைந்த பின் மிஞ்சுகிற கருப்பு மண் ஒன்று இங்கே உண்டு, மாங்கனீசு கலந்தது, ‘வாட்’ என்பார்கள். அது ஒட்டினால் எந்தச் சோப்புக்கும் போகாது.

முழங்கால் உறை கட்டாயம், முதல் பயணத்துக்கே வாங்குங்கள். மிச்சத்தை இரவல் வாங்கலாம். கெட்டியான அடிப்பகுதி உள்ள காலணி போதும். சிலர் சுரங்கத் தொழிலாளர் ஆட்டத்துக்குப் பேர் போன ‘கம்பூட்ஸ்’ என்ற ரப்பர் காலணி போட்டுக்கொண்டு வருவார்கள். தலைக்கு மலையேற்றத் தலைக்கவசம். தாடை வார் இல்லாத கட்டடத் தொப்பி குனிந்தால் கழன்று விழும். பெரும்பாலும் மன்றத்திலேயே இரவல் தருவார்கள். மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வையுங்கள், விரல் போய்விடும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உள்ளாடையோடு ஊக்குக் குத்தி வைக்கிறார்கள்.

விளக்கு மூன்று. ஒன்று தலையில், இரண்டு பையில், மூன்றும் தனித்தனி மின்கலத்தோடு. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய தலைவிளக்கு ஒன்று இந்த நாட்டில் எல்லார் வீட்டிலும் இருக்கும், அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். கைப்பேசி வெளிச்சம் கணக்கில் சேராது. மூன்று எதற்கு என்று கேட்பவர்கள் உள்ளே போய் எல்லோரும் ஒரு நிமிடம் விளக்கணைக்கும்போது கேட்பதில்லை. அமாவாசை இருட்டில்கூடக் கண் பழகினால் கை தெரியும். அங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தெரியாது.

சாப்பாட்டுக்கு இங்கே ‘பட்கோஸ்’ என்கிறார்கள், வழிக்கு எடுத்துப் போகும் உணவு. நம் கட்டுச்சோறுதான். புளிச்சோறு வெளியே மரத்தடியில் பிரமாதம். குகைக்குள் வேண்டாம், ஒரு பருக்கை சிந்தினாலும் பூஞ்சை பிடிக்கும். உள்ளே கடலை மிட்டாயும் ஒரு லிட்டர் தண்ணீரும். இன்னொரு காலிப் புட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை, நான்கு மணி நேரம் உள்ளே இருப்போம், குகைக்குள் சிறுநீர் கழிக்கக் கூடாது.

புறப்படும் முன் வீட்டில் சொல்வது

‘குகைக்குப் போறேன்’ என்பது போதாது. யாரோடு, எந்தப் பண்ணை, எத்தனை மணிக்கு வெளியே வருவோம், எத்தனை மணிவரை அழைப்பு வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டுங்கள். கைப்பேசியிலிருந்து அவசர உதவிக்கு 112, மருத்துவ ஊர்திக்கு 10177. இந்த எண்களுக்கு முன்னால் மன்றப் பொறுப்பாளரின் எண்ணை எழுதுங்கள், நிலத்தடி மீட்புப் பழகியவர்களை எழுப்ப அவருக்குத் தெரியும். வீட்டில் இருப்பவரிடம் இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாண்டியதும் அழ ஆரம்பிக்கக் கூடாது, சொன்ன கெடு தாண்டினால் தயங்கவும் கூடாது.

அக்டோபர் முதல் மார்ச் வரை பிற்பகலில் இடிமழை வரும் மேட்டுநிலம் இது. தாழ்வான வாய் உள்ள குகை என்றால் அந்த மாதங்களில் காலையிலேயே இறங்கி மதியத்துக்குள் வெளியே வருவோம். பண்ணை வேலி திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும்.

வாயிலில்

வெறும் புல்வெளியில் ஒரு மரக்கூட்டம் தெரிந்தால் அதன் அடியில் பள்ளம் இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டிங்க்வுட்டும் காட்டு ஆலிவும் ஈரம் தேடி அங்கேதான் வேர்விடும். அதே நிழலைப் பாம்பும் தேடும். விரியன் வகைப் பாம்புகள் அசையாமல் கிடக்கும், கால் வைக்கும் இடத்தை விளக்கடித்துப் பார்த்து வையுங்கள். வாயிலில் தேன்கூடு இருந்தால் பேச்சே இல்லை, திரும்பிவிடுவோம். உள்ளே மண்ணில் கிடக்கும் எலும்பெல்லாம் ஆதிமனிதன் என்று குதிக்காதீர்கள். முள்ளம்பன்றி எலும்பைக் கொறிக்க இழுத்து வரும், பெரும்பாலும் அதுதான்.

எத்தனை பேர் இறங்குகிறோம் என்று எண்ணிக்கொள்வார்கள். நான்கு பேருக்குக் குறைந்தால் எங்கள் ஊம் இறக்கவே மாட்டார். ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு, இருவர் வெளியே ஓட. எளிய கணக்கு.

உள்ளே

பழைய தமிழில் நிலத்தடி வழிக்குச் ‘சுருங்கை’ என்று பெயர். சந்துக்குள் நெஞ்சு தட்டும்போதெல்லாம் இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றியதில்லை.

ஊர்வதற்கு ஒரு முறை உண்டு. ஒரு கையை முன்னால் நீட்டி, மறு கையை உடம்போடு ஒட்டிப் பின்னால் வைத்தால் தோள் அகலம் குறையும். மூச்சை வெளியே விட்டு நகருங்கள், நின்று மூச்சிழுங்கள், மறுபடி விட்டு நகருங்கள். மாட்டிக்கொண்டால் உதறாதீர்கள். பயந்து மூச்சைப் பிடித்தால் நெஞ்சு விரியும், இன்னும் இறுகும். ஒரு நிமிடம் சும்மா கிடந்து, வந்த வழியே ஒரு அங்குலம் பின்வாங்குங்கள். கீழ்நோக்கிச் சரியும் பொந்தில் தலையை விட்டு ஒருபோதும் இறங்கக் கூடாது, கால் முதலில். ஏறும்போது இரண்டு கை இரண்டு காலில் மூன்று எப்போதும் பாறையில் இருக்கட்டும். கயிறு, கம்பி ஏணி எல்லாம் முதல் சில பயணங்களில் கிடையாது, அதற்குத் தனியாக மரத்தில் கட்டிப் பயிற்சி தருவார்கள்.

வழி பிரியும் இடத்தில் நின்று திரும்பிப் பாருங்கள். போகும்போது பார்க்கிற குகை வேறு, வரும்போது பார்க்கிற குகை வேறு. அம்புக்குறி போடுவதெல்லாம் கூடாது.

மேலிருந்து கல் உருண்டால் ‘ராக்!’ என்று கத்துவது இங்கே வழக்கம். என் காலடியில் முதல்முறை கல் பெயர்ந்தபோது என் வாயில் வந்தது “ஐயோ, கல்லு, கல்லு!” கீழே இருந்த மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள், விலகவில்லை. நல்லவேளை, கல் வேறு பக்கம் போனது. வண்டியில் போகும்போதே அந்தச் சொல்லைப் பத்துமுறை கத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

காற்றைப் பற்றி. காற்றோட்டமில்லாத பள்ளங்களில் கரியமில வாயு தேங்கும். சும்மா நிற்கும்போதே மூச்சு வாங்குவது, தலை கனப்பது, இதயம் படபடப்பது இதன் அறிகுறி. உங்களுக்கு மட்டும்தான் என்று நினைத்து வாய்மூடி இருக்காதீர்கள், உடனே சொல்லுங்கள். தீப்பெட்டி உரசிப் பார்க்கிற பழக்கத்தை நம்ப வேண்டாம். சுடர் அணைவது பிராணவாயுக் குறைவைக் காட்டும், கரியமில வாயு அதற்கு முன்பே நம்மைப் படுத்திவிடும். அளவிடும் கருவி வைத்திருக்கிறவரோடு போங்கள்.

வௌவால்கள் குளிர்காலத்தில் கூரையில் கொத்தாகத் தூங்கும். நம் வெளிச்சத்திலும் பேச்சிலும் அவை விழித்துப் பறந்தால், வசந்தம் வரை தாங்க வேண்டிய கொழுப்பு வீணாகும், பட்டினியில் சாகும். அந்த அறைகளை அந்த மாதங்களில் விட்டுவிடுவோம். கீழே விழுந்து கிடக்கும் வௌவாலைப் பரிதாபப்பட்டுத் தொடாதீர்கள். 1970இல் இந்த நாட்டில் ஒருவரை வௌவால் கடித்து, வெறிநாய்க்கடி போன்ற நோயில் இறந்தார். அந்தக் கிருமிக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

புதைபடிவம் போல எதையாவது பார்த்தால் கை வைக்காமல் தலைவரைக் கூப்பிடுங்கள். 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டப்படி அது அரசின் சொத்து. கண்டால் தெரிவிக்க வேண்டும், உரிமமின்றி நகர்த்தினால் குற்றம். கல்விழுதையும், தரையிலிருந்து மேலே வளரும் கல்முளையையும் தொடக் கூடாது. கட்டைவிரல் நீளம் வளரப் பல நூறு ஆண்டாவது ஆகும், நம் கை எண்ணெய் பட்டால் அந்த இடம் கறுக்கும்.

புதியவருக்கு என்ன வேலை?

நிறைய. சுவரில் எழுதிய பெயர்களைத் தண்ணீரும் நைலான் தூரிகையுமாகத் தேய்த்து எடுப்போம். கம்பித் தூரிகை பாறையையே சுரண்டும், கூடாது. ‘இன்னார் இன்னாரைக் காதலிக்கிறார்’ என்பதை உலகம் முழுக்க ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், தேய்த்தவன் சொல்கிறேன். வெளியே கொண்டுவரும் குப்பையில் மெழுகுவத்தித் துண்டும் மின்கலமும்தான் அதிகம்.

எனக்குப் பிடித்தது வரைபட வேலை. நாடா, திசைகாட்டி, சாய்வுமானி, இப்போது லேசர் கருவி. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குத் தூரம், திசை, சாய்வு மூன்றையும் அளந்து சொல்ல, ஒருவர் ஈரம் தாங்கும் தாளில் எழுதிக்கொண்டே சுவரின் வடிவத்தை வரைவார். புதியவர் நாடாவின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஒரே இடத்தில் நின்று குளிரில் நடுங்குவீர்கள், உள்ளே ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஆனால் எண்ணைத் தெளிவாகத் திருப்பிச் சொல்கிற ஆளை மறுபடி கூப்பிடுவார்கள். வேகமாக ஊர்கிற ஆளைவிட அவருக்குத்தான் மதிப்பு.

மீட்புப் பயிற்சியில் அடிபட்டவராக நடிக்க ஆள் தேடுவார்கள். கையைத் தூக்குங்கள். தூக்குப்படுக்கையில் கட்டி, தலைகீழாகவும் பக்கவாட்டிலும் மூன்று மணி நேரம் இழுப்பார்கள். நூறு மீட்டர் தூரம் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத் தெரியும்.

வெளியே வந்ததும்

முதல் வேலை வீட்டுக்கு அழைப்பு. சிக்னல் இல்லையென்றால் மேடேறிப் போய் அழையுங்கள், அதற்கப்புறம்தான் தண்ணீர்கூட.

அப்புறம் பிராய் அடுப்பு, அதாவது தணலில் இறைச்சி சுடும் அடுப்பு, பற்றவைப்பார்கள். சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம், சோளக்கதிர் உண்டு, வெங்காயமும் தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்துத் தணலில் சுடும் ‘பிராய்ப்ரூக்கி’ ரொட்டியும் உண்டு. தணல் மட்டும் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். ஒருமுறை மிளகாய்ப் பொடி எண்ணெய் குழைத்துக் கொண்டுபோனேன், அதிலிருந்து என்னை விசாரிப்பதற்கு முன் அதை விசாரிக்கிறார்கள்.

ஓவர்ஆலை வீட்டுத் துவைப்பான் இயந்திரத்தில் நேரே போடாதீர்கள். வெளியில் வாளியில் ஊறவைத்து, ஈரமாகவே மண்ணைக் கழுவுங்கள். காய்ந்த வௌவால் எச்சத்தூளை உதறினால் அதிலுள்ள பூஞ்சை வித்து மூச்சில் போகும். அதனால் வருவதுதான் ஹிஸ்டோபிளாஸ்மோசிஸ், குகையாளர்கள் ‘குகை நோய்’ என்கிறார்கள். பயணம் முடிந்து 3 முதல் 17 நாளுக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சுவலி, அசதி வந்தால் மருத்துவரிடம் ‘குகைக்குப் போனேன், வௌவால் இருந்தது’ என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நாள்காட்டியில் பயணத் தேதியைக் குறித்து வைப்பது இதற்காகத்தான். நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் வௌவால் குகைக்கு வரவே வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் ஒன்றும் வராது. நாம்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டோம் போல என்று தோன்றும். பிறகு ஒரு வியாழக்கிழமை இரவு செய்தி வரும்: சனிக்கிழமை நாடா பிடிக்க ஆள் வேண்டும், வர முடியுமா?